மலிவுக் கில்ட்டை வீட்டிலேயே திருத்தித் தைப்பது: அளவு முதல் கடைசி இஸ்திரி வரை

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும், கட்டம் போட்ட மடிப்பு உடைதான் கில்ட். அங்கே எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் கடைக்குக் கடை வாசலில் கில்ட் தொங்கும். முப்பது, நாற்பது பவுண்டுக்குக் கூடக் கிடைக்கும். அளவெடுத்துக் கையால் தைத்துத் தரும் கடைக்குப் போனால் விலை பல நூறு பவுண்டு. பட்டமளிப்பு விழா, நண்பனின் கல்யாணம், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக ஜனவரி 25-ஐ ஒட்டி வரும் பர்ன்ஸ் இரவு விருந்து என்று வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை மட்டும் உடுத்துபவர்கள் முதல் வகையைத்தான் வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால், பின்பக்கம் பாவாடை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். உடனே துணியைத் திட்டுவார்கள்.

துணிக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் முக்கால்வாசிக் குறை இடுப்புக்கும் பிட்டத்துக்கும் நடுவில் உள்ள ஏழெட்டு அங்குலத்தில் இருக்கிறது. நேரம் பிடிக்கும் கைவேலை எல்லாம் அந்த இடத்தில்தான். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். கம்பளித் துணியை நம்மால் உண்டாக்க முடியாது. விட்டுப்போன கைவேலையைச் செய்து முடிக்கலாம். சாதாரணமாக ஊசி பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு சனி, ஞாயிறு போதும். கொஞ்சம் நிதானமாகச் செய்பவர் என்றால் இரண்டு வாரக் கடைசி.

எதைத் திருத்தலாம், எதை விட்டுவிடலாம்

கில்ட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. முன்பக்கம் மடிப்பே இல்லாத இரண்டு பலகைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. இவற்றுக்கு ஏப்ரன் என்று பெயர். மேல் ஏப்ரன் இடப்பக்கத்திலிருந்து வந்து வலப்பக்கம் முடியும். அதன் ஓரத்தில் நூல் பிரித்துவிட்ட குஞ்சம் இருக்கும். பின்பக்கம் முழுக்க மடிப்புகள். அந்த மடிப்புகள் இடுப்பிலிருந்து பிட்டத்தின் அகலமான இடம் வரை தைத்து மூடப்பட்டிருக்கும். அந்தத் தைத்த பகுதியை ஃபெல் என்பார்கள். அதற்குக் கீழே மடிப்புகள் தாமாக ஆடும்.

முழுக்கக் கையால் தைத்த ஆண்கள் கில்ட் ஒன்றுக்கு எட்டு கெஜம் வரை வொர்ஸ்டட் (முறுக்கு நூலில் வழவழப்பாக நெய்த) கம்பளி போகும். துணியின் எடை கெஜத்துக்கு 13 அல்லது 16 அவுன்ஸ். மலிவுக் கில்ட்டில் பெரும்பாலும் ஐந்து கெஜம் போல அக்ரிலிக் அல்லது பாலிவிஸ்கோஸ் (பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த) துணி, எல்லாம் மிஷின் தையல். இவற்றில் பல பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வருகின்றன. உலகத்துக்கே கால்பந்தும் பேக்பைப்பும் செய்து அனுப்பும் ஊர் அது. அங்கே தைப்பவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த விலைக்கு அவ்வளவு நேரம்தான் கொடுக்க முடியும்.

கடையிலேயே நின்று பார்க்க வேண்டியவை நான்கு. டார்ட்டன் என்னும் ஸ்காட்லாந்துக் கட்டம் நெய்ததா, அச்சடித்ததா என்று துணியின் மறுபக்கத்தைப் பாருங்கள். மறுபக்கம் வெளிறியிருந்தால் அச்சு, வாங்காதீர்கள். மடிப்புகளைத் திருப்பி ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். ஓர் அங்குலம்கூட உள்ளே போகாத மடிப்பை எந்த ஊசியாலும் காப்பாற்ற முடியாது. கட்டத்தின் குறுக்குக் கோடுகள் மடிப்புக்கு மடிப்பு ஒரே நேர்கோட்டில் ஓடுகின்றனவா என்பது மூன்றாவது. கடைசியாக அளவு: ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கவே கூடாது. குறைக்க வழி உண்டு, கூட்ட அவ்வளவாக வழி இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் வாடகைக்குக் கில்ட் கொடுக்கும் கடைகள் பழைய சரக்கை அவ்வப்போது விற்பார்கள். அறக்கொடைக் கடைகளிலும் பழைய கம்பளிக் கில்ட் அகப்படும். விலை கிட்டத்தட்டப் புதிய அக்ரிலிக் கில்ட் அளவுக்கு இறங்கினால் கண்ணை மூடிக்கொண்டு பழைய கம்பளியை எடுங்கள். கீழே சொல்லும் வேலையில் பாதி அதற்குத் தேவையே படாது.

நிறம் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் முதல் முயற்சிக்கு பிளாக் வாட்ச் நல்லது. கரும்பச்சையும் கருநீலமும் கலந்த அந்த டார்ட்டனில் தையல் கோணினாலும் கண்ணுக்குத் தெரியாது. ராயல் ஸ்டூவர்ட் டார்ட்டனின் சிவப்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

துணி எது என்று முதலில் தெரிய வேண்டும்

லேபிளை நம்ப முடியாவிட்டால், உள்மடிப்பின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. உருகிக் கறுப்பாகக் கெட்டி உருண்டையானால் அக்ரிலிக் அல்லது வேறு செயற்கை இழை. காகிதம் எரியும் வாசனையோடு கொஞ்சம் உருண்டையும் மிஞ்சினால் பாலிவிஸ்கோஸ்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் இஸ்திரிப் பெட்டியைத் தொடக் கூடாது. அக்ரிலிக் துணிமேல் ஆவி பட்டால் அதன் விறைப்பு போய்த் தொளதொளவென்று ஆகிவிடும். அதைப் பழையபடி ஆக்க முடியாது.

அளவு

ஜீன்ஸ் அளவை மறந்துவிடுங்கள். ஜீன்ஸ் இடுப்பெலும்பில் நிற்கிறது. கில்ட் தொப்புள் மட்டத்தில் கட்டுவது. தொப்பை இருப்பவர்களுக்கு இரண்டுக்கும் நாலு அங்குலம் வித்தியாசம் வருவது சாதாரணம். சட்டை போட்டுக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், தொப்புள் மட்டத்தில் ஒரு சுற்று எடுங்கள். பிட்டத்தின் அகலமான இடத்தில் ஒரு சுற்று. இந்த இரண்டு மட்டங்களுக்கும் நடுவே பக்கவாட்டில் எவ்வளவு உயரம் என்பது மூன்றாவது அளவு. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான். ஃபெல் எதுவரை போக வேண்டும் என்பதைச் சொல்லும் அளவு இது.

நீளத்துக்கு முழங்கால் சில்லின் நடுப்பகுதி கணக்கு. கொஞ்சம் மேலே இருந்தாலும் அழகு, கீழே இறங்கினால் மட்டம். கட்டிக்கொண்டு தரையில் நிமிர்ந்து மண்டியிட்டுப் பாருங்கள். கில்ட்டின் அடி தரையிலிருந்து ஓர் அங்குலம் போல உயர்ந்து நின்றால் சரி. இந்தச் சோதனைக்கு இன்னொருவர் உதவி வேண்டும். தானே குனிந்து பார்த்தால் துணியும் கூடவே குனியும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை

தையல் பிரிக்கும் சீம் ரிப்பர், நல்ல கூர்மையான கைத்தையல் ஊசிகள், நிறைய குண்டூசி, டெய்லர் சாக்பீஸ், விரலில் மாட்டும் திம்பிள், துணியின் கருநிறத்தோடு சேரும் பாலியெஸ்டர் நூல், நூலோட்டத்துக்கு (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையலுக்கு) வெள்ளை நூல், ஒரு கட்டி தேன்மெழுகு. கோட்-சூட்டுக்குள் வைத்துத் தைக்கும் கேன்வாஸ் ஐந்து அங்குல அகலத்தில் ஒன்றேகால் கெஜம். அது கிடைக்காவிட்டால் இழுத்தால் நீளாத, கெட்டியான பருத்தித் துணி எதுவானாலும் போதும். ஒட்டும் ரகக் கேன்வாஸ் வேண்டாம். அதை ஒட்ட வைக்கும் சூடு அக்ரிலிக்குக்கு ஆகாது. தோல் வாரும் பக்கிளும் மாற்றுவதாக இருந்தால் ஒன்றேகால் அங்குல அகலத்தில் மூன்று ஜோடி. தையல் மிஷின் ஓரிரண்டு இடங்களில் மட்டும் உதவும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நூலோட்டம்: இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

எதையும் பிரிப்பதற்கு முன்னால் எல்லா மடிப்புகளையும் வெள்ளை நூலால் ஓட்டிவிட வேண்டும். கில்ட்டைப் பெரிய மேஜையிலோ தரையிலோ பின்பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் அது விழ வேண்டிய இடத்தில் நேராக்கி, குறுக்குக் கோடுகள் ஒன்றாக ஓடும்படி பார்த்து, அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை, ஃபெல் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வரிசை என்று பெரிய பெரிய தையலாகக் குறுக்கே ஓட்டுங்கள். கடைசி இஸ்திரி முடியும் வரை இந்த நூல் அப்படியே இருக்கும். இதைச் செய்யாமல் இடுப்புப் பட்டியைப் பிரித்தவர்கள், கையில் ஐந்து கெஜத் துணியை வைத்துக்கொண்டு எந்த மடிப்பு எங்கே இருந்தது என்று விழித்திருக்கிறார்கள்.

நூலோட்டம் ஆனதும் கில்ட்டைக் கட்டிக்கொண்டு, பிட்டத்தின் அகலமான மட்டம் எங்கே வருகிறது என்று இன்னொருவரை விட்டுச் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். ஏப்ரனின் நடுக்கோடு தொப்புளுக்கு நேராக நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே திறப்பது, நீளம் குறைப்பது

உள்பக்க லைனிங்கின் கீழ் ஓரத்தையும், பின்பக்க இடுப்புப் பட்டியையும் பிரியுங்கள். நீளம் குறைக்க வேண்டியதில்லை என்றால் பட்டியை முழுக்கக் கழற்ற வேண்டாம். மேல் ஏப்ரன் பக்கம் அப்படியே இருக்கட்டும். இடப்பக்கம் வார் நுழையும் துளையிலிருந்து தொடங்கி, பின்பக்கம் முழுவதும், கீழ் ஏப்ரனின் கடைசி வரை பிரித்தால் போதும்.

உள்ளே பார்த்தால் புரியும். மலிவுக் கில்ட்டில் லைனிங்குக்கும் மடிப்புக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது.

நீளம் குறைக்க வேண்டியிருந்தால் மேல் ஏப்ரன் பக்கப் பட்டியையும் பிரித்து, இப்போதே, மேலிருந்து குறைக்க வேண்டும். கில்ட்டின் அடியில் பெரும்பாலும் நெய்த கரையே விளிம்பாக இருக்கும். அதை வெட்டினால் போச்சு. மடித்துத் தைத்திருந்தாலும், மேலும் மடித்தால் அடி கனத்து மடிப்புகள் விரிந்து நிற்கும். எனவே மேலே எத்தனை அங்குலம் வேண்டுமோ அத்தனை குறித்து, குறித்த கோட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு வரிசை மிஷின் தையல் ஓட்டி, பிறகு வெட்டுங்கள். இல்லாவிட்டால் அக்ரிலிக் நூல் நூலாகப் பிரிந்துகொண்டே போகும். கையால் தைத்த நல்ல கில்ட்டில் இப்படி மேலே வெட்டினால் இடுப்பு பெரிதாகிவிடும், ஏனென்றால் அது மேலே குறுகிக்கொண்டே போகும். மலிவுக் கில்ட் மேலும் கீழும் ஒரே அகலம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. அதன் குறை ஒன்று நமக்கு உதவுவது இந்த ஓர் இடத்தில்தான்.

ஓர் அங்குலத்துக்குக் குறைவான வித்தியாசம் என்றால் வெட்டவே வேண்டாம். கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கள். கில்ட் இடுப்புக்கு மேலே இரண்டு அங்குலம் ஏறி நிற்பதுதான் மரபு.

ஃபெல்: உண்மையான வேலை இங்கேதான்

பழைய கில்ட்டில் தைத்த மடிப்பே கிடையாது. நீளமான துணியைக் கையால் மடித்து, பெல்ட்டால் இறுக்கிக் கட்டியதுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான் மடிப்புகளை நிரந்தரமாகத் தைத்துவைக்கும் வழக்கம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு கில்ட் நல்லதா இல்லையா என்பதை ஃபெல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உடம்பு இடுப்பில் குறுகி, பிட்டத்தில் அகலும். ஃபெல்லும் அப்படியே இருக்க வேண்டும். மலிவுக் கில்ட்டில் மேலிருந்து கீழே நேர்கோடாகத் தைத்து, அதுவும் நாலைந்து அங்குலத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் இடுப்பில் தொளதொளப்பும், பிட்டத்துக்கு மேலேயே மடிப்புகள் பிளந்துகொள்வதும்.

ஒரு கணக்கு பார்ப்போம். உங்கள் பிட்டச் சுற்று 38 அங்குலம், இடுப்பு 34. கில்ட் நேராக 38-க்குத் தைத்திருக்கிறது. இடுப்பில் நாலு அங்குலம் போக வேண்டும். பின்னால் இருபது மடிப்பு இருந்தால், ஒவ்வொன்றிலும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் குறைத்தாலே இரண்டரை அங்குலம் போய்விடும். மிச்சம் ஒன்றரை அங்குலத்தை வார்களை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். நாலு அங்குலத்தையும் மடிப்பிலேயே எடுத்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். ஏப்ரன் பக்கவாட்டைத் தாண்டிப் பின்னால் போய்விடும். முன்னால் பாதி ஏப்ரன், பின்னால் பாதி மடிப்பு என்று கண்ணுக்குத் தோன்றினால்தான் கில்ட்.

இனி தையல். ஒரே சமயத்தில் எல்லா மடிப்பையும் பிரிக்காமல், இரண்டு மூன்றாகப் பிரித்துப் பிரித்துத் தையுங்கள். மடிப்பின் வெளி ஓரத்தைப் பிடித்திருக்கும் மிஷின் தையலை எடுத்தால், அந்த ஓரம் அடுத்த மடிப்பின்மேல் சும்மா படுத்திருக்கும். பிட்ட மட்டத்தில் அதை அசைக்காமல் ஒரு குண்டூசி. இடுப்பு மட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அங்குலம் அடுத்த மடிப்பின் மேலே நகர்த்தி இன்னொரு குண்டூசி. இரண்டுக்கும் நடுவில் ஓரம் சாய்கோடாக ஓடும். குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு குண்டூசி குத்தி, கட்டம் பிசகாமல் பிடித்துவையுங்கள். செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போகக் கொஞ்சம் நெருங்கும். விலை உயர்ந்த கில்ட்டிலும் அப்படித்தான், கவலை வேண்டாம்.

நூலை மெழுகில் இழுத்துவிட்டு, பிட்ட மட்டத்திலிருந்து மேல்நோக்கித் தையுங்கள். ஊசி மடிப்பின் ஓரத்துக்கு ஒட்டினாற்போல் அடித்துணியில் இறங்கி, சற்று மேலே ஏறி, மடிப்பின் ஓர நூலிரண்டை மட்டும் கவ்விக்கொண்டு வெளியே வர வேண்டும். அங்குலத்துக்கு எட்டுத் தையலாவது விழ வேண்டும். ஒவ்வொரு தையலையும் இறுக்கி இழுங்கள், ஆனால் துணி சுருங்கும் அளவுக்கு வேண்டாம். வெளியே தெரிவது ஊசிமுனை அளவு சாய்ந்த புள்ளி மட்டும். சிவப்பு டார்ட்டன் என்றால் சிவப்புப் பட்டையில் சிவப்பு நூல், பச்சையில் பச்சை என்று மாற்றுபவர்கள் உண்டு. பொறுமை இருந்தால் செய்யலாம். நான் ஒரே அடர்நிற நூலில் முடித்துவிடுவேன்.

பழைய தையல் உங்கள் பிட்ட மட்டத்துக்கு மேலேயே முடிந்திருந்தால், சாக்பீஸ் குறி வரை ஃபெல்லை நீட்டுங்கள். குறியைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் உட்காரும்போது மடிப்புகள் இழுபட்டு, கடைசித் தையலில் துணி கிழியும். ஒவ்வொரு மடிப்பின் கடைசியிலும் இரண்டு மூன்று தையல் ஒரே இடத்தில் போட்டு முடிச்சிடுங்கள். ஆடும்போது எல்லாப் பலமும் அந்தப் புள்ளியில்தான் விழும்.

ஐந்தாறு மடிப்பு முடிந்ததும் ஒரு தடவை கட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பார்த்தால் அழுகைதான் வரும்.

உள்ளே கேன்வாஸ்

ஃபெல் எவ்வளவு அழகாகத் தைத்தாலும், உள்ளே தாங்கல் இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் மடிப்புகள் வாயைப் பிளக்கும். காரணம் எளிது. பக்கிளை இறுக்கும்போது இழுவிசை முழுவதும் மடிப்புத் தையல்களின் வழியாகவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது. அந்தப் பாரத்தை வேறொன்று சுமக்க வேண்டும்.

முதலில் உள்பக்கம், ஃபெல் முடியும் இடத்துக்கு ஓர் அங்குலம் போல மேலே, எல்லா மடிப்பின் உள்துணியையும் ஒன்றோடொன்று கோத்து ஒரு வரிசை பின்தையல் போடுங்கள். வெளித்துணியில் ஊசி ஏறக் கூடாது. மடிப்புகளின் எடை தொங்கிப்போகாமல் இந்த வரிசை பிடித்துக்கொள்ளும். கில்ட் தைப்பவர்கள் இதை ஸ்டீக்கிங் என்பார்கள்.

அதற்கு மேலே கேன்வாஸ் பட்டையை, இடப்பக்க பக்கிள் இருக்கும் இடத்திலிருந்து வலப்பக்க பக்கிள் இருக்கும் இடம் வரை, மடிப்புகளின் உள்பக்கத்தோடு படியவைத்துத் தையுங்கள். பட்டை கில்ட்டைவிடக் கால் அங்குலம் இறுக்கமாக இருக்கட்டும். அப்போதுதான் இழுவிசை முதலில் கேன்வாஸில் விழும். மேல் ஓரம், கீழ் ஓரம், இரண்டு முனைகள் ஆகியவற்றைத் தைத்து, நடுவில் இரண்டு மூன்று வரிசை ஓட்டுங்கள். முனைகளில் நூலை இரட்டையாகப் போடுங்கள்.

கம்பளிக் கில்ட்டில் ஃபெல்லுக்குள் இருக்கும் உபரித் துணியை வெட்டி எடுத்துவிடுவார்கள், கனம் குறைய. மெல்லிய அக்ரிலிக்கில் அந்த வேலை தேவையில்லை. வெட்டினால் பிரிந்துகொண்டு வரும், லாபமும் ஒன்றுமில்லை.

இப்போது இடுப்புப் பட்டியை இடப்பக்கத் துளையிலிருந்து தொடங்கிப் பொருத்திக்கொண்டே வாருங்கள். பின்பக்கம் குறைந்த இரண்டரை அங்குலமும் கடைசியில் கீழ் ஏப்ரன் ஓரத்தில் போய் நிற்கும். அங்கே வெட்டி மடித்துத் தைத்தால் யார் கண்ணுக்கும் படாது. கீழ் ஏப்ரனைத் திரும்பப் பட்டியில் சேர்க்கும்போது அதன் வெளி மூலையை அரை அங்குலம் மேலே தூக்கிச் சேருங்கள். நடக்கும்போது மேல் ஏப்ரனுக்குக் கீழே உள் ஏப்ரன் எட்டிப் பார்ப்பது மலிவுக் கில்ட்டின் பெரிய காட்டிக்கொடுப்பு. இந்த அரை அங்குலம் அதைத் தடுக்கும். பிறகு லைனிங்கை மூடி, சிறிய ஹெம்மிங் தையல். லைனிங் பாலியெஸ்டராக இருந்து வேர்வையில் ஒட்டினால், பழைய பருத்திச் சட்டை ஒன்றை வெட்டி மாற்றிவிடுங்கள். உள்ளே என்ன நிறம் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

வாரும் பக்கிளும்

ரெக்சின் வார் சீக்கிரம் வெடிக்கும். வெல்க்ரோ ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். உண்மையான தோல் வாருக்கு மாற்றினால் பார்வையே மாறிவிடும், செலவும் அதிகமில்லை.

வார் ஏப்ரன் ஓரத்தில், பக்கிள் மடிப்புப் பக்கத்தில். இடப்பக்கம் ஒரு ஜோடி: கீழ் ஏப்ரனின் வார் பட்டியில் உள்ள துளை வழியாக வெளியே வந்து பக்கிளில் மாட்டும். துளை இல்லாத கில்ட்டில் ஒன்றேகால் அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, சுற்றிலும் நெருக்கமாகக் காஜாத் தையல் போடுங்கள். வலப்பக்கம் இடுப்பில் ஒன்று, பிட்டத்துக்கு மேலே ஒன்று. இந்த மூன்றாவது வாரை இறுக்காதீர்கள். ஏப்ரன் படிந்து நிற்கும் அளவுக்கு மாட்டினால் போதும். இழுத்துக் கட்டினால் முன்பக்கம் முழுக்கச் சுருக்கம் விழும். பிட்ட அளவு சரியாக இருந்தால் அதைக் கழற்றியே போட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

இடத்தைக் குறிக்கும்போது, குறைக்க வேண்டிய ஒன்றரை அங்குலத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் முக்கால், வலப்பக்கம் முக்கால் என்று பக்கிள்களை முதுகுப் பக்கம் நகர்த்துங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் நகர்த்தினால் ஏப்ரனின் நடுக்கோடு ஓடிவிடும். வார் நடுத் துளையில் மாட்டும்படி வையுங்கள். விருந்துக்கு முன்னும் பின்னும் ஒரு துளையாவது வேண்டும்.

தோலில் ஊசி சுலபமாக ஏறாது. செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் குத்தூசியால் எட்டில் ஒரு பங்கு அங்குல இடைவெளியில் முன்பே துளை போட்டு, மெழுகிட்ட இரட்டை நூலால் ஒரு நீள்சதுரம் தைத்து, அதன் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. ஊசி லைனிங் வரை போகாமல், கேன்வாஸைக் கட்டாயம் பிடிக்க வேண்டும். அதனால் லைனிங்கின் அந்த இரண்டு பக்கங்களையும் வார் தைத்த பிறகு மூடுவது புத்திசாலித்தனம்.

மடிப்பு நிற்க

கம்பளி என்றால் ஒரு பங்கு வெள்ளை வினிகரும் மூன்று பங்கு தண்ணீரும் கலந்து, பருத்தித் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, மடிப்பின்மேல் விரித்து, இரண்டு புள்ளிச் சூட்டில், அதாவது 150 டிகிரி வரை, அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடம். ஆறும் வரை அசைக்காமல் விடுங்கள். பாலிவிஸ்கோஸுக்கும் இதே முறை, சூட்டை மட்டும் கொஞ்சம் தணித்து.

அக்ரிலிக்குக்கு ஒரு புள்ளிச் சூடு, 110 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. காய்ந்த துணி மேலே, ஆவி வேண்டவே வேண்டாம். இந்தச் சூட்டில் மடிப்பு அவ்வளவு கூர்மையாக நிற்காது என்பதும் உண்மை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. மிஷின் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மடிப்பின் உள்விளிம்பிலும், அதாவது வெளியே தெரியாமல் உள்ளே மடங்கும் ஓரத்தில், ஃபெல் முடிவிலிருந்து அடி வரை, விளிம்பை ஒட்டி ஒரு வரிசை ஓட்டிவிடலாம். இருபது மடிப்பையும் ஓட்டிமுடிக்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் துவைத்தாலும் மழையில் நனைந்தாலும் மடிப்பு தன் இடத்தை மறக்காது. வெளிவிளிம்பில் இதைச் செய்தால் சீருடை மாதிரித் தெரியும், அங்கே வேண்டாம். இந்தத் தையலுக்கு மட்டும் நூலோட்டத்தை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, தைத்த உடனே மறுபடி ஓட்ட வேண்டும்.

எல்லாம் ஆறியதும் வெள்ளை நூலை உருவிவிடுங்கள். ஒரே இழுப்பில் உருவாமல், அங்கங்கே வெட்டி எடுத்தால் துணி சுருங்காது.

மிச்சம் மீதி

மேல் ஏப்ரனின் குஞ்சம் மெலிந்திருந்தால், மேலே வெட்டிய துணியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, முக்கால் அங்குலம் நூல் பிரித்து, பழைய குஞ்சத்துக்கு அடியில் வைத்துத் தையுங்கள். இரட்டைக் குஞ்சம் நல்ல கில்ட்டின் அடையாளம். பின்பக்கம் பெல்ட்டுக்கு வைத்திருக்கும் அகலமான பட்டைகளைப் பிரித்துக் குறுக்கி, ஸ்போரன் (கில்ட்டின் முன்னால் தொங்கும் பை) வார் நுழைய இரண்டு மட்டும் வைத்தால் போதும்.

கில்ட் பின்னை மேல் ஏப்ரனில் மட்டும் குத்த வேண்டும், குஞ்சத்துக்குப் பக்கத்தில், அடியிலிருந்து மூன்று நாலு அங்குலம் மேலே. இரண்டு ஏப்ரனையும் சேர்த்துக் குத்துவது பலர் செய்யும் தப்பு. முதல் தடவை உட்கார்ந்து எழுந்ததும் துணி கிழியும்.

அக்ரிலிக்கைத் துவைக்க வேண்டி வந்தால் மறுபடி நூலோட்டம் போட்டு, குளிர்ந்த தண்ணீரில், முறுக்காமல். கம்பளி உலர்சலவைக்குப் போகட்டும். அலமாரியில் இடுப்புப் பட்டியை கிளிப்பில் பிடித்துத் தொங்கவிடுங்கள், மடித்து வைக்காதீர்கள்.

முதல் தடவை கெய்லி என்னும் ஸ்காட்லாந்துக் கூட்டு நடனத்துக்குப் போய் வந்ததும், கழற்றியவுடன் இரண்டு இடங்களைப் பாருங்கள்: ஃபெல்லின் கடைசி முடிச்சுகள், வலப்பக்க பக்கிளின் அடித் தையல். எதுவாவது தளர்ந்திருந்தால் அன்றைக்கே இரண்டு தையல் போட்டுவிடுங்கள். அடுத்த தடவை வரைக்கும் தள்ளிப்போட்டால் பக்கத்து மடிப்பையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.